பெருந்தொற்றுக் காலத்தில் சிறிய மசாஜ் நிலையத்தை மீண்டும் திறப்பது எப்போது: முழுமையான வழிகாட்டி

கொரோனாவின் இரண்டாம் அலையின்போது, 2021 ஜூன் 14 முதல் தமிழ்நாட்டின் 27 மாவட்டங்களில் அழகு நிலையங்கள், சலூன்கள், ஸ்பாக்கள் ஆகியவை குளிர்சாதன வசதி இல்லாமலும், ஒரு நேரத்தில் பாதி அளவு வாடிக்கையாளர்களுடனும் இயங்கலாம் என்று அரசு அறிவித்தது. கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், நீலகிரி, நாமக்கல், கரூர் ஆகிய மேற்கு மாவட்டங்களுக்கும், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய டெல்டா மாவட்டங்களுக்கும் அந்தத் தளர்வு கிடைக்கவில்லை. உடுமலைப்பேட்டையில் இரண்டே மேசைகளுடன் நான் நடத்தும் தைலத் தேய்ப்பு நிலையம் திருப்பூர் மாவட்டத்தில் இருக்கிறது. மடத்துக்குளத்தைத் தாண்டினால் வரும் பழனியோ திண்டுக்கல் மாவட்டம். அன்று காலையிலேயே பழைய வாடிக்கையாளர் ஒருவர் தொலைபேசியில், "ஏனுங்க அண்ணா, பழனியில தொறந்துட்டாங்களாமே, நீங்க எப்பங்க தொறக்கறீங்க?" என்று கேட்டார். அவருக்கு உடனே பதில் சொல்ல முடிந்தது, ஏனெனில் அரசாணை வருவதற்கு மூன்று வாரங்களுக்கு முன்பே எந்த நிலையில் திறப்பது, எந்த நிலையில் மூடுவது என்பதை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அந்த நோட்டை எப்படித் தயாரிப்பது என்பதையே இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

அனுமதி வந்த பிறகு முடிவெடுக்க உட்கார்ந்தால் வாடகை, வட்டி, போட்டிக்கடை, வாடிக்கையாளரின் கெஞ்சல் ஆகிய எல்லாம் சேர்ந்து நம்மைத் தள்ளிக்கொண்டு போய்விடும். ஆகவே கதவு மூடியிருக்கும் காலத்திலேயே, தலை தெளிவாக இருக்கும்போதே, இந்த வேலையைச் செய்துவிட வேண்டும்.

முதல் படி: சட்டப்படி நீங்கள் யார் என்று தெரிந்துகொள்வது

பலகையில் "சிகிச்சை" என்று எழுதியிருப்பதால் மட்டும் ஒரு நிலையம் மருத்துவமனை ஆகிவிடாது. பதிவு பெற்ற சித்த, ஆயுர்வேத, இயற்கை மருத்துவர் ஒருவர் நடத்தும் மருத்துவமனையின் பகுதியாகத் தேய்ப்பு நடக்கிறது என்றால் அது மருத்துவச் சேவைக்கான விதிகளுக்குள் வரும். அப்படி இல்லாத எல்லாமே ஸ்பா என்ற சொல்லுக்குள்தான் அடங்கும். இதில் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளக் கூடாது. 2020 செப்டம்பரில் தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட அபராதங்களில், முகக்கவசம் அணியாத தனிநபருக்கு 200 ரூபாய் என்றும், நெறிமுறையை மீறும் சலூன், ஸ்பா, உடற்பயிற்சிக் கூடம் போன்றவற்றுக்கு 5,000 ரூபாய் என்றும் குறிக்கப்பட்டிருந்தது. மூன்று அறிவிப்புகளைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்: மாநில அரசாணை, மாவட்ட ஆட்சியரின் உத்தரவு, உங்கள் தெரு நோய்க்கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்ற நகராட்சித் தகவல். மூன்றில் ஒன்று தடுத்தாலும் மற்ற கணக்குகளுக்குத் தேவையே இல்லை.

அனுமதி கிடைத்தால் திறந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அரசு ஒரே வரியில் சலூனையும் ஸ்பாவையும் சேர்த்துச் சொன்னது. ஆனால் முடி திருத்த 20 நிமிடம் போதும், நமக்கோ ஒரு மணி நேரம் வேண்டும்.

இரண்டாம் படி: நம் தொழிலின் ஆபத்து எங்கே இருக்கிறது என்று புரிந்துகொள்வது

அமெரிக்காவில் 2020இல் ஆராயப்பட்ட இரண்டு நிகழ்வுகளை அருகருகே வைத்துப் பார்ப்பது உதவும். வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்காஜிட் வட்டாரத்தில் மார்ச் 10 அன்று நடந்த இரண்டரை மணி நேரப் பாடல் பயிற்சியில் 61 பேர் கலந்துகொண்டார்கள். அவர்களில் ஒருவருக்கு அறிகுறி இருந்தது. பிறகு உறுதியானவையும் ஐயத்துக்குரியவையுமாகச் சேர்த்து 53 பேருக்குத் தொற்று கணக்கிடப்பட்டது. மிசௌரி மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் மே மாதம், அறிகுறியுடனேயே வேலை செய்த இரண்டு முடிதிருத்துநர்கள் 139 வாடிக்கையாளர்களைத் தொட்டு வேலை செய்தார்கள். இரு தரப்பும் முகக்கவசம் அணிந்திருந்தது. ஒவ்வொரு சந்திப்பும் 15 முதல் 45 நிமிடங்கள் வரை நீடித்தது. பரிசோதனைக்கு முன்வந்த 67 பேரில் ஒருவருக்கும் தொற்று இல்லை, மற்றவர்களிடமும் அறிகுறி தெரியவில்லை.

மசாஜ் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சலூனைப் போல முகக்கவசம் சாத்தியம், பேச்சும் குறைவு. ஆனால் நேரம் நீளம், அறை சிறியது, கதவு சாத்தியிருக்கும், தேய்ப்பவர் உடல் உழைப்பால் மூச்சு வாங்குவார். ஆகவே கைபடுவது ஆபத்து என்று நினைத்து நாள் முழுவதும் மேசையைத் துடைத்துக்கொண்டிருப்பவர்கள் இடம் தெரியாமல் காவல் காக்கிறார்கள். பரப்புகளைத் தொடுவதால் கொரோனா பரவும் வாய்ப்பு ஒரு தொடுதலுக்குப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் சொன்னது. காற்றும் நேரமும்தான் நம் எதிரிகள்.

மூன்றாம் படி: உங்கள் ஊரின் எண்ணை உங்கள் மேசையின் எண்ணாக மாற்றுவது

இதுதான் முழு முடிவின் முதுகெலும்பு. மக்கள் நல்வாழ்வுத் துறை அந்த நாட்களில் தினமும் மாலையில் மாவட்டவாரியாகப் புதிய தொற்றுகளை வெளியிட்டது. ஒரு நாளின் எண்ணைப் பார்த்துப் பதறவோ மகிழவோ கூடாது. ஞாயிற்றுக்கிழமை போன்ற நாட்களில் எண் இறங்குவதற்குப் பரிசோதனை குறைவதும் காரணமாக இருக்கலாம். ஏழு நாட்களின் சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு கணக்கு எளிது. திருப்பூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 24.8 லட்சம். உதாரணத்துக்கு, சராசரி நாளொன்றுக்கு 500 என்று வைத்துக்கொண்டால் லட்சம் பேருக்கு 20 புதிய தொற்றுகள். ஒருவர் சுமார் பத்து நாட்கள் பிறருக்குப் பரப்பக்கூடியவராக இருப்பார் என்று கொண்டால், எந்த நாளிலும் லட்சத்தில் 200 பேர். ஆனால் பதிவாகாத தொற்றுகள் ஏராளம். 2020 ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய இரண்டாவது ரத்த மாதிரி ஆய்வு, பதிவான ஒவ்வொரு தொற்றுக்கும் 26 முதல் 32 வரை உண்மைத் தொற்றுகள் இருந்திருக்கும் என்று மதிப்பிட்டது. 2021இல் பரிசோதனை பெருகிவிட்டதால் நான் அந்தப் பெருக்கலைப் பத்தாகக் குறைத்துக்கொண்டேன். இது என் மதிப்பீடுதான், நீங்கள் இன்னும் கூட்டியும் வைக்கலாம். பத்தால் பெருக்கினால் லட்சத்துக்கு 2,000, அதாவது 100 பேரில் 2 பேர்.

இப்போது உங்கள் மேசைக்கு வருவோம். வாரத்துக்கு 20 பேர் வருகிறார்கள் என்றால், அவர்களில் ஒருவர்கூடத் தொற்றுடன் வராமல் இருப்பதற்கான வாய்ப்பு 0.98ஐ இருபது முறை பெருக்கினால் கிடைக்கும் 0.67. அப்படியானால் ஒவ்வொரு வாரமும் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பில் தொற்றுள்ள ஒருவர் உங்கள் அறைக்குள் ஒரு மணி நேரம் படுத்திருப்பார். தினசரிச் சராசரி 50 ஆக இறங்கினால் அதே கணக்கு ஏறத்தாழ 4 சதவீதத்தில் வந்து நிற்கும். வாரத்துக்குப் பத்துப் பேரை மட்டும் எடுத்தால் அது இன்னும் பாதியாகும். ஊரின் எண்ணை நம்மால் மாற்ற முடியாது, வாடிக்கையாளர் எண்ணிக்கையை மாற்ற முடியும் என்பதை இந்தக் கணக்கு கண்ணெதிரே காட்டுகிறது.

வெப்பமானியை நம்பி இந்த எண்ணைக் குறைத்துக்கொள்ளாதீர்கள். அறிகுறி தோன்றுவதற்கு ஓரிரு நாட்கள் முன்பே ஒருவர் தொற்றைப் பரப்பத் தொடங்கிவிடுகிறார். நெற்றியில் காட்டும் துப்பாக்கி வெப்பமானி அதைக் கண்டுபிடிக்காது. மேலும், வெயிலில் ஸ்கூட்டரில் வந்தவருக்கு அது எதையாவது காட்டும், ஏசி காரில் வந்தவருக்கு வேறு எதையோ காட்டும்.

நான் நோட்டில் எழுதிய திறப்பு வரம்புகள் மூன்று. மேற்கண்ட வாராந்திர வாய்ப்பு 5 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். பரிசோதனையில் பாசிட்டிவ் விகிதம் தொடர்ந்து 14 நாட்கள் 5 சதவீதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும்; இது 2020 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் தளர்வுகளுக்குச் சொன்ன அளவுகோல். மூன்றாவது, அரசு மருத்துவமனையில் ஆக்சிஜன் படுக்கை காலியாக இருக்க வேண்டும். மே மாதம் ஆக்சிஜன் படுக்கைக்காக ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றதைப் பார்த்த பிறகு, என் உதவியாளரின் தாயாருக்கு மூச்சுத் திணறினால் படுக்கை கிடைக்குமா என்ற கேள்விக்கு விடை தெரியாமல் கடை திறக்க எனக்கு மனம் வரவில்லை.

நான்காம் படி: பணக் கணக்கு

இதை மறைத்துவிட்டு எழுதும் வழிகாட்டிகள் பயனற்றவை. ஒரு உதாரணம்: வாடகை 12,000, மின்சாரம் முதலிய சில்லறைச் செலவு 2,000, உதவியாளர் சம்பளம் 10,000 என்றால் கதவு மூடியிருந்தாலும் மாதம் 24,000 ரூபாய் போகும். ஒரு அமர்வுக்கு 800 ரூபாய் வாங்கி, தைலம், துணி வெளுப்பு, முகக்கவசம் ஆகியவற்றுக்கு 200 கழித்தால் 600 மிஞ்சும். ஆக 40 அமர்வுகள் கிடைத்தால்தான் நிலையச் செலவு அடையும். வீட்டுக்கு 15,000 வேண்டும் என்றால் மேலும் 25. மொத்தம் 65. அமர்வுகளுக்கு இடையில் காற்று மாற நேரம் விட்டால் நாளொன்றுக்கு நான்கு பேருக்கு மேல் எடுக்க முடியாது. 25 நாட்களுக்கு 100 இடங்கள். ஆனால் அச்சமுள்ள காலத்தில் அத்தனை இடங்களும் நிறையாது. பழைய வாடிக்கையாளர்கள் 20 பேரை அழைத்து, "திறந்தால் முதல் மாதம் வருவீர்களா?" என்று கேட்டுவிட்டுப் பிறகு கணக்குப் போடுங்கள். பாதிக்கும் குறைவானவர்களே வருவதாகச் சொன்னால், திறப்பதால் வரும் நட்டம் மூடியிருப்பதால் வரும் நட்டத்தைவிட அதிகமாகவும் இருக்கலாம், ஏனெனில் திறந்த நாள் முதல் வாடகைச் சலுகை கேட்கும் வாய் அடைபட்டுவிடும்.

கடன் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ரிசர்வ் வங்கி அனுமதித்த தவணை ஒத்திவைப்பு 2021இல் அப்படியே திரும்ப வரவில்லை. அதற்குப் பதிலாக மே 5 அன்று சிறு கடனாளிகளுக்கான கடன் மறுசீரமைப்புத் திட்டம் அறிவிக்கப்பட்டது, அதை நாமேதான் வங்கிக்குப் போய்க் கேட்டுப் பெற வேண்டியிருந்தது. அடுத்த முறையும் அப்படித்தான் இருக்கக்கூடும் என்று எண்ணி, மூடிய முதல் வாரத்திலேயே வங்கிக் கிளைக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: அறையின் காற்று

அரசு ஏசியைத் தடுத்தது சரியான முடிவு. வீட்டிலும் சிறு கடைகளிலும் இருக்கும் ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கும் அதே காற்றைக் குளிரவைத்துச் சுற்றிவிடுகிறது. தலைக்கு மேலே சுற்றும் மின்விசிறியும் அப்படியே. அது காற்றைக் கலக்கும், மாற்றாது.

பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் உள்ள அறையின் கொள்ளளவு 1,000 கன அடி. ஒரு மணி நேரத்தில் ஆறு முறை காற்று மாற வேண்டுமானால் 6,000 கன அடி, அதாவது ஏறத்தாழ 170 கன மீட்டர் வெளியேற வேண்டும். எக்ஸாஸ்ட் மின்விசிறியின் பெட்டியிலேயே மணிக்கு எத்தனை கன மீட்டர் என்று அச்சிட்டிருப்பார்கள். நடைமுறையில் அதில் பாதிதான் கிடைக்கும் என்று கருதி அதற்கேற்றதை வாங்குங்கள். காற்று உள்ளே வர எதிர்ப்புறம் வழி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விசிறி வெறுமனே இரைந்துகொண்டிருக்கும். சோதிக்க ஊதுபத்தி போதும்: மேசையின் தலைமாட்டில் ஏற்றி வைத்துப் புகை எந்தப் பக்கம் போகிறது, அணைத்த பிறகு மணம் எவ்வளவு நேரம் தங்குகிறது என்று பாருங்கள். புகை தேய்ப்பவர் நிற்கும் பக்கமாக வந்தால் மேசையைத் திருப்பிப் போடுங்கள்.

காற்று மணிக்கு ஆறு முறை மாறும் அறையில், மிதக்கும் நுண்துகள்களில் 99 சதவீதம் வெளியேற 46 நிமிடம் ஆகும். இரண்டு முறை மட்டும் மாறும் அறையில் 138 நிமிடம் ஆகும். இது அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் அட்டவணைக் கணக்கு. இரண்டு அமர்வுகளுக்கு இடையில் எவ்வளவு இடைவெளி என்ற கேள்விக்கு இதுவே விடை. ஜன்னலே இல்லாத அறை என்றால், என் கருத்தில், அந்த அலை முடியும்வரை திறக்க வேண்டாம். திண்ணையோ மொட்டைமாடியில் ஓலைக் கொட்டகையோ இருந்தால் தட்டி மறைப்பு வைத்து அங்கே மேசையைப் போடுவது மேல்.

ஆவிக்குளியல் பெட்டி வைத்திருப்பவர்கள் அதைப் பூட்டி வையுங்கள். 2021 மே மாதம் பொது இடங்களில் ஆவி பிடிக்கும் ஏற்பாடுகள் பெருகியபோது, அவற்றை ஊக்குவிக்க வேண்டாம் என்று மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியனே கேட்டுக்கொண்டார். கபசுரக் குடிநீரை வரவேற்பில் வைப்பதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் அதைக் குடிக்க எல்லோரும் ஒரே இடத்தில் முகக்கவசத்தைக் கழற்றுவதில் மறுப்புண்டு.

ஆறாம் படி: அமர்வை மாற்றியமைத்தல்

ஒரு மணி நேரம் என்பதை 40 நிமிடமாகக் குறையுங்கள். தேய்ப்பவர் வால்வு இல்லாத என்95 அணிய வேண்டும். வால்வு உள்ளது அணிந்தவரை மட்டும் காக்கும், வெளிவிடும் மூச்சை வடிகட்டாது. வாடிக்கையாளர் குப்புறப் படுத்தாலும் முகக்கவசத்துடன்தான் படுக்க வேண்டும். முகத்துக்கான துளையின் கீழே மெல்லிய பருத்தித் துணியைத் தொட்டில்போலக் கட்டினால் மூச்சு நேராகத் தரையில் மோதிப் பரவாது. மூச்சு முட்டுகிறது என்பவருக்குப் பக்கவாட்டில் படுக்கும் நிலை பொருந்தும். தலை, கழுத்துப் பகுதிகளைக் கடைசியில் சில நிமிடங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முகத் தேய்ப்பு அறவே வேண்டாம்.

எண்ணெய்க் கையில் சானிடைசர் சரியாக வேலை செய்யாது, சோப்பும் தண்ணீரும்தான். தைலம் சூடாக்கும் அடுப்பின் பக்கத்தில் சானிடைசர் பாட்டிலை வைப்பது தீ விபத்துக்கு அழைப்பு. தைலத்தைப் பொதுக் கிண்ணத்தில் வைக்காமல் ஆளுக்கு ஒரு சிறு கிண்ணத்தில் ஊற்றி, மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். துணிகளைச் சோப்பில் துவைத்து வெயிலில் காயவைத்தால் போதும்.

ஏழாம் படி: யாரைத் தொடக் கூடாது

மற்றக் கடைகளுக்கு இல்லாத, நமக்கு மட்டுமே உரிய பொறுப்பு இது. கொரோனா ரத்தத்தை உறையச் செய்யும் தன்மை உடையது. குணமான பின்னும் சிலருக்குக் காலின் ஆழ்நாளங்களில் ரத்தக் கட்டி இருக்கலாம். கெண்டைக்காலை அழுத்தித் தேய்த்தால் அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் உயிரைப் பறிக்கக்கூடும். ஒரு காலில் மட்டும் வீக்கம், வலி, சூடு, சிவப்பு இருந்தால் கையை எடுத்துவிட்டு அன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள். "கால் கடுக்குது, நல்லா அழுத்துங்க" என்று அவர்களே கேட்பார்கள், அப்போதும் கூடாது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுத் திரும்பியவர்கள் பலர் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுவார்கள். அவர்களுக்கு இலேசான அழுத்தத்திலேயே உடல் கன்றிப்போகும். இவர்களிடம் சிகிச்சை அளித்த மருத்துவரின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

இரண்டாம் அலையில் கருப்புப் பூஞ்சையும் சேர்ந்துகொண்டது. சர்க்கரை நோய் உள்ளவர், ஸ்டீராய்டு எடுத்தவர், கன்னத்திலோ கண்ணைச் சுற்றியோ வலி, வீக்கம், மரத்துப்போதல் என்று சொல்லித் தலைவலிக்குத் தேய்ப்பு கேட்டால், அவர் போக வேண்டிய இடம் காது மூக்கு தொண்டை மருத்துவர்தான். தடுப்பூசி போட்டுக் காய்ச்சலும் உடல்வலியும் இருப்பவரை அவை தணிந்தபின் வரச் சொல்லுங்கள்.

எட்டாம் படி: உதவியாளரும் இரு வீடுகளும்

தேய்ப்பவரின் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதும் முடிவின் பகுதியே. 2021 மே முதல் 18 வயது நிரம்பியவர்களுக்குத் தடுப்பூசி திறக்கப்பட்டது. ஆனால் அதே மாதம் கோவிஷீல்டு இரண்டு தவணைகளுக்கான இடைவெளி 12 முதல் 16 வாரங்களாக நீட்டிக்கப்பட்டது. மே நடுவில் முதல் ஊசி போட்டவருக்கு ஆகஸ்டில்தான் இரண்டாவது. அதன் பின் இரண்டு வாரம் கழிந்தால்தான் முழுப் பலன். அதுவரை காத்திருக்கக் கையில் பணம் உண்டா என்பதை நான்காம் படியின் கணக்கு சொல்லும். என் உதவியாளர் வயதான தாயாருடன் ஒற்றை அறை வீட்டில் இருப்பதால், முதல் மாதம் துணி, கணக்கு, தொலைபேசி வேலைகளை மட்டும் கொடுத்துச் சம்பளத்தை முழுமையாகக் கொடுத்தேன். காய்ச்சலுக்கு விடுப்பெடுத்தால் சம்பளம் பிடிப்பேன் என்று சொல்லும் முதலாளியிடம் யாரும் காய்ச்சல் என்று சொல்ல மாட்டார்கள்.

ஒன்பதாம் படி: கொஞ்சமாகத் திறப்பதும், மூடும் வரம்பும்

முதல் 14 நாட்களுக்கு ஒரு நாளைக்கு இரண்டே பேர், முன்பதிவு செய்தவர்கள் மட்டும். வலியால் உண்மையாகவே முடங்கியிருப்பவர்களுக்கு முதல் இடம். திருமணத்துக்கு முன் புத்துணர்ச்சி கேட்பவர்கள் பொறுக்கலாம். நோட்டில் பெயர், தொலைபேசி எண், வந்த நேரம், போன நேரம், யார் தேய்த்தது ஆகியவற்றை எழுதுங்கள். 14 நாட்கள் ஒழுங்காகப் போய், ஊரின் சராசரியும் ஏறாமல் இருந்தால் மூன்றாக்கலாம்.

திறப்பு வரம்பை எழுதிய அதே பக்கத்தில் மூடும் வரம்பையும் எழுத வேண்டும். என்னுடையது: ஏழு நாள் சராசரி ஒரே வாரத்தில் ஒன்றரை மடங்கானால், அல்லது என் வாராந்திர வாய்ப்பு 10 சதவீதத்தைத் தாண்டினால், அரசு சொல்லும்வரை காத்திராமல் அடுத்த நாளே மூடுவது. வாடிக்கையாளர்களுக்கு இதை முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள், ரத்தானால் முன்பணம் உடனே திரும்பும் என்றும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அந்தச் சிறு தொகையை இழக்க விரும்பாமல் இருமலுடன் வந்து நிற்பார்கள்.

வந்து போன ஒருவர் இரண்டு நாள் கழித்து அழைத்து, தனக்குப் பாசிட்டிவ் என்று சொன்னால், முதலில் அவருக்கு நன்றி சொல்லுங்கள். அன்றே கதவைச் சாத்தி, அவரைத் தேய்த்தவர் தனிமைப்பட வேண்டும். அன்றைய விதி 14 நாட்கள். அவருக்குப் பிறகு அதே அறைக்குள் அன்று வந்தவர்களையும், அதன்பின் அந்தத் தேய்ப்பாளரிடம் வந்தவர்களையும் நோட்டைப் பார்த்து ஒவ்வொருவராக அழைத்து, தொற்றுள்ளவரின் பெயரைச் சொல்லாமல், வந்த நாளையும் நேரத்தையும் மட்டும் சொல்லி, ஐந்தாம் நாள் வாக்கில் ஆர்டி-பிசிஆர் எடுத்துக்கொள்ளுமாறு கேளுங்கள். அந்த அழைப்புகளை உதவியாளரிடம் விடாமல் நிலையத்தின் உரிமையாளரே செய்ய வேண்டும்.